ஒரே மாடலில் இரண்டு அளவு

அன்று அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர். ஆபீஸ் நடத்தும் சார். நூம்பலில் வீடு கட்டிக்கொண்டிருந்த கஸ்டமர். அந்த வீட்டுக்கு ஜன்னல் செய்த திருவேற்காட்டு ஆசாரி. எங்கள் இன்ஜினியர் பெண். ஐந்தாவது நான். மேஸ்திரியும் வருவதாக இருந்தது. கலவை போட்டாச்சு, விட்டுவிட்டு வரமுடியாது என்று போனில் சொல்லிவிட்டார். டீ கொண்டுவந்த அம்மா ஐந்து டம்ளரை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். ஆக ஐந்து பேர்தான். இவ்வளவு கணக்காகச் சொல்வதற்குக் காரணம், அதன்பிறகு பஸ்ஸிலும் குளியலறையிலும் நான் அதை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறேன். எத்தனை பேர் முன்னால் அது நடந்தது என்று. ஒவ்வொரு முறையும் ஐந்துதான் வருகிறது. என்னைக் கழித்தால் நான்கு.

மேசைமேல் இரண்டு பெரிய ஷீட்டுகள் விரித்திருந்தன. ஒன்று மாடி பிளான். இன்னொன்று கதவு ஜன்னல் அட்டவணை. இரண்டும் எங்கள் ஆபீஸில் பிரிண்ட் எடுத்தவை. பிளானில் படுக்கையறை ஜன்னல்கள் மூன்றும் நான்கடி அகலம். அட்டவணையில் அதே ஜன்னல்கள் ஐந்தடி. மேஸ்திரி பிளானைப் பார்த்துச் சுவரில் நான்கடிக்கு இடம் விட்டுவிட்டார். ஆசாரி அட்டவணையைப் பார்த்து ஐந்தடிக்கு ஜன்னல் செய்துவிட்டார். அதற்கு முந்தின நாள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கியபோதுதான் தெரிந்திருக்கிறது.

"ஜன்னல் கீது, சொவத்துல ஓட்டை கீது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசமாட்டேங்குது" என்றார் ஆசாரி. "நான் இன்னா பண்ணட்டும் சார்? ஜன்னலை மடிச்சி உள்ள தள்ளட்டா?"

"நீங்க சைட்ல போய் அளவு எடுத்துட்டு இல்ல செஞ்சிருக்கணும்?" என்றார் சார்.

"அதான வழக்கம். நீங்கதான சார் சொன்னீங்க, இது கம்ப்யூட்டர் மாடல்ல இருந்து வர்ற அளவு, டேப்பை ஊட்ல வச்சிட்டு வாய்யானு? வச்சிட்டு வந்தேன்."

சார் அட்டவணை ஷீட்டைத் தன் பக்கம் திருப்பி, வலது கீழ் மூலையில் இருக்கும் கட்டத்தைப் பார்த்தார். எல்லா ஷீட்டிலும் அந்தக் கட்டம் உண்டு. வரைந்தவர், சரிபார்த்தவர், தேதி. வரைந்தவர் என்ற இடத்தில் இன்ஜினியர் பெண்ணின் இனிஷியல் இருந்தது. பிளானிலும் அதே இனிஷியல்தான்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்த இரண்டு ஷீட்டையும் எடுத்தவன் நான்.

அவளுக்கு ஆறு மாத டிரையல் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. சார் லெட்டர் கொடுத்தால்தான் வேலை நிரந்தரம். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, வேலப்பன்சாவடியில் இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு பிளாட்டில் இருக்கிறாள். அந்த லெட்டரைக் காட்டித்தான் வீட்டில் அவள் இங்கே தொடர்ந்து இருப்பதற்கு அனுமதி வாங்கவேண்டும் என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தாள். இல்லையென்றால் ஊருக்குத் திரும்பச் சொல்லிவிடுவார்களாம்.

என் கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இது புரியாது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். அம்பத்தூரில் ஒரு பிரிண்ட் கடையில் டிரேசிங் எடுக்கச் சேர்ந்தேன். அங்கே படங்களைப் பிரதி எடுக்கும் அம்மோனியா வாடை கண்ணை எரிக்கும். அந்த நாட்களின்மேல் எனக்கு எந்த ஏக்கமும் இல்லை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, மவுஸ் பிடித்துக் கோடு போடக் கற்றுக்கொண்டேன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மாடிமேல் இருக்கும் இந்த ஆபீஸில் சேர்ந்து பதினோரு வருடம். கோடு போடுவது என்றால் எனக்குப் பயமில்லை. ஒரு கோடு தப்பானால் அந்தக் கோடு மட்டும்தான் தப்பு. அழித்துவிட்டு வேறு போடலாம். பக்கத்து ஷீட்டுக்கு அது தெரியாது.

போன வருடம் சார் எல்லாவற்றையும் மாடலுக்கு மாற்றினார். இதில் யாரும் படம் வரைவதில்லை. வீட்டையே கம்ப்யூட்டருக்குள் கட்டிவிடுகிறார்கள். சுவர், தளம், படி, கதவு எல்லாம் உயரம் அகலத்தோடு. அதைப் படுக்கை வாட்டில் வெட்டிப் பார்த்தால் பிளான். நெட்டுக்கு வெட்டினால் செக்‌ஷன். தெருவில் நின்று பார்ப்பதுபோல் பார்த்தால் எலிவேஷன். நமக்கு வேண்டியது, எங்கே வெட்டுவது, எவ்வளவு காட்டுவது, எந்த ஷீட்டில் ஒட்டுவது என்பதுதான். படம் தானே வந்து நிற்கும். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு அதில் பயம் தரும் விஷயம் ஒன்று இருந்தது. ஒரு இடத்தில் கை வைத்தால் எல்லா ஷீட்டிலும் மாறும். நாம் பார்க்காத ஷீட்டிலும் மாறும்.

அந்தப் பெண்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். என் மகளைவிட நாலு வயது பெரியவள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எந்த பட்டனுக்குப் பிறகு எந்த பட்டன் என்று தமிழில் எழுதிவைத்தேன். அவள் அதைப் பார்த்து, "அண்ணே, சமையல் குறிப்பு மாதிரி இருக்கு. தாளிக்கிறது எங்க?" என்றாள். கிண்டல்தான், ஆனால் அடுத்த நாள் ஷீட் எடுக்கும் வரிசையை அதேபோல அவளே ஒரு பக்கம் எழுதித்தந்தாள். ஆறு மாதத்துக்குள் ஒரு முழு செட் ஷீட்டை நான் தனியாக எடுக்கவேண்டும் என்று சார் எனக்கும் கெடு வைத்திருந்தார். இல்லையென்றால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததுதான் என்னைத் தின்றது. நாற்பத்தி நான்கு வயதில், ஒன்பதாம் வகுப்போடு, நான் வேறெங்கே போய் நிற்பது?

முதல் மாதமே ஒன்று நடந்தது. ஒரு வீட்டில் கீழ் குளியலறை வென்டிலேட்டரைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார்கள். அதைத் தொட்டு, அளவை மாற்றினேன். பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. பிரிண்ட் எடுத்த பிறகு பார்த்தால் அந்த வீட்டில் இருந்த அத்தனை வென்டிலேட்டரும் பெரிதாகியிருந்தன. மாடியில் ஒன்று பீமுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தது.

"நீங்க டைப்பை மாத்திட்டீங்கண்ணே" என்றாள் அவள். "ஒரே டைப்ல ஆறு இருக்கு. ஒண்ணை மட்டும் மாத்தணும்னா முதல்ல டைப்பைக் காப்பி எடுத்து வேற பேர் வைக்கணும். அப்புறம் மாத்தணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் அன்றிலிருந்து மாடலைத் தொடவே எனக்குப் பயம். யாரோ குடியிருக்கும் வீட்டில் ராத்திரி புகுந்து பீரோவை நகர்த்துவதுபோல இருக்கும். அதனால் வேறு ஒரு வழி கண்டுபிடித்தேன். நானாகவே கண்டுபிடித்தேன், அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்த சாஃப்ட்வேரில் ஷீட்டின்மேல் வெள்ளையாக ஒரு பட்டையைப் போட்டு அடியில் இருப்பதை மறைத்துவிடலாம். அதன்மேல் நம் இஷ்டத்துக்குக் கோடு போடலாம். மாடலைத் தொடவே வேண்டாம். அளவு எண்ணைமட்டும் மாற்ற விடாது, அதில் அது பிடிவாதம். உண்மை நீளம் எதுவோ அதைத்தான் காட்டும். அதற்கும் வழியிருந்தது. எண்ணையும் வெள்ளைப் பட்டையால் மறைத்து, மேலே எழுத்தாக வேறு எண்ணை அடித்துவிடுவேன். இதற்கு நான் மனதுக்குள் வைத்த பெயர் ஒட்டு. கிழிந்த சட்டைக்குப் போடுவதுபோல. சின்னச் சின்ன ஒட்டுகள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிரிண்டில் பார்த்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

நூம்பல் வீட்டுக்காரர் ஒரு வியாழக்கிழமை போன் செய்தார். படுக்கையறைகளில் அலமாரி வைக்க இடம் போதவில்லை, மூன்று ஜன்னலையும் ஐந்தடியிலிருந்து நான்கடியாகக் குறைக்கவேண்டும், மேஸ்திரி மறுநாள் சுவர் எழுப்புகிறார் என்று. இன்ஜினியர் பெண் அன்று ஊரில் இருந்தாள். அக்கா வளைகாப்பு. சார் என்னிடம், "நீங்களே பண்ணி சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க. பண்ணிடுவீங்கல்ல?" என்றார்.

பண்ணிடுவேன் சார் என்றேன்.

மாடலைத் திறந்து பார்த்தேன். படுக்கையறை ஜன்னல் மூன்றும் ஹால் ஜன்னல் நான்கும் ஒரே டைப். தொட்டால் ஏழும் மாறும். நோட்டை எடுத்துப் பார்த்தேன். டைப்பைக் காப்பி எடுக்க வேண்டும், பெயர் வைக்கவேண்டும். என்ன பெயர் வைப்பது? ஏற்கெனவே இருக்கும் பெயரை வைத்துவிட்டால்? அவளுக்குப் போன் செய்யலாம். வளைகாப்பு வீட்டில், சொந்தக்காரர்கள் நடுவில், இதைக்கூடவா தெரியாது என்று நினைப்பாளே. மூன்று முறை போனைக் கையில் எடுத்து வைத்தேன். பிறகு ஒட்டு போட்டேன். பிளானில் ஒன்று, இரண்டு எலிவேஷனில் இரண்டு. மூன்று ஷீட். ஜன்னலை மறைத்து, நான்கடிக்குப் புதிதாக வரைந்து, அளவையும் அடித்தேன். அழகாக வந்தது. மூன்று முறை சேவ் செய்தேன். எப்போதும் மூன்று முறை செய்வேன்.

அட்டவணையை மற்ற ஷீட்டுகளோடு சேர்த்துப் பிரிண்டுக்கு அனுப்பினேன், திறந்து பார்க்கவே இல்லை. அதைச் சொல்லவேண்டும். மறந்தேன் என்பதுகூடச் சரியில்லை. அட்டவணை எனக்கு ஒரு படமாகவே தோன்றவில்லை. எண்கள் நிறைந்த ஒரு கட்டம், கடைசி ஷீட்டில் சும்மா கிடப்பது. பழைய நாட்களில் அதை யாரோ ஒருவர் கடைசியில் உட்கார்ந்து டைப் அடிப்பார். இதில் அது மாடலிலிருந்து தானாகவே வரும். மாடலில் ஜன்னல் ஐந்தடியாகத்தான் இருந்தது. அது ஐந்தடி என்றே எழுதியது. அதை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு மரம் அறுப்பார் என்று எனக்கு அன்று தோன்றவேயில்லை.

கட்டத்தில் அவள் இனிஷியல் எப்படி வந்தது என்றால், ஷீட் மாதிரியை அமைத்தவள் அவள், அதில் அவள் இனிஷியல் இருந்தது. நான் ஷீட் எடுக்கும்போது மாற்றவேண்டும். மாற்றவில்லை. பிரிண்ட் கடையில் டிரேசிங் எடுத்தவன் பெயரை யாரும் எங்கேயும் போட்டதில்லை. பி.இ. படித்தவளின் எழுத்து இருக்கும் இடத்தில் என் எழுத்தைப் போட எனக்குக் கை வரவில்லை. யாராவது இது யார், என்ன படிச்சவர் என்று கேட்டால்? அதனால் அப்படியே விட்டேன். ஆறு மாதமாக, நான் எடுத்த ஷீட் எல்லாவற்றிலும்.

என்னுடையது என்று அதில் இருந்தது ஒன்றுதான். இடது மேல் மூலையில், கடுகளவில், ஒரு பிள்ளையார் சுழி. டிரேசிங் காலத்திலிருந்தே பழக்கம். சுழி போடாமல் ஒரு தாளைத் தொடங்கினால் அன்று முழுவதும் எனக்கு ஏதோ நடக்கப்போகிறது என்றே இருக்கும். மாடலுக்கு வந்த பிறகும் விடவில்லை. ஒவ்வொரு ஷீட்டிலும் ஓரக் கோட்டை ஒட்டி அதைப் போட்டுவிடுவேன். பிரிண்டில் ஏதோ புள்ளி என்றுதான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்த அவள் மட்டும் நான் அதைப் போடுவதைப் பார்த்திருக்கிறாள்.

மறுபடியும் மேசைக்கு வருகிறேன்.

அந்த வியாழக்கிழமை வேலையை என்னிடம் கொடுத்தது சாருக்கு நினைவில்லை. அவளைப் பார்த்துக் கேட்டார். "ஒரே மாடல்ல இருந்து ரெண்டு அளவு எப்படிம்மா வரும்?"

"வராது சார்" என்றாள்.

"வந்திருக்கே."

அவள் பிளானைக் கையில் எடுத்தாள். ஜன்னல் இருந்த இடத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குப் புரிந்துவிட்டது என்று. ஒரே மாடலில் இரண்டு அளவு வரவே வராது. யாரோ மேலே ஒட்டியிருந்தால் ஒழிய. அவள் கண் கோட்டோடு போய் இடது மேல் மூலைக்கு வந்து நின்றது. பிளானைக் கீழே வைத்தாள். தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு வாய் குடித்தாள். குடித்துவிட்டு அந்த மூலையின்மேல், சரியாக அந்தச் சுழியின்மேல், பாட்டிலை வைத்தாள்.

"சிஸ்டத்துல பார்த்துட்டு சொல்றேன் சார்" என்றாள்.

"இதுல பார்க்க என்ன இருக்கு?" என்றார் கஸ்டமர். அவர் திருச்சிக்காரர், ஐ.டி.யில் இருக்கிறார், சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "மேடம், நான் குறை சொல்லணும்னு சொல்லல. கிரகப்பிரவேசத்துக்குத் தேதி குறிச்சு பத்திரிகை அடிச்சாச்சு. யார் தப்புன்னு தெரிஞ்சா யார்கிட்ட பேசணும்னு எனக்குத் தெரியும். ஷீட்ல உங்க இனிஷியல்தானே இருக்கு?"

"ஆமா சார்."

"டிரையல்ல இருக்கற பொண்ணு சார்" என்றார் எங்கள் சார் அவரிடம், சமாதானம் சொல்வதுபோல. "இந்த மாசம்தான் முடியுது. நான் பார்த்துக்கறேன்." அவர் எதைப் பார்த்துக்கொள்வார் என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்தது. அவள் பாட்டில் மூடியைத் திருகித் திருகி இறுக்கிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

நான் தைரியசாலி இல்லை. அந்த நேரத்தில் நான் நினைத்ததைச் சொன்னால் அசிங்கம். வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று முதலில் கணக்குப் போட்டேன். அவள் சிஸ்டத்தில் போய்ப் பார்ப்பாள். ஒட்டு இருக்கும். சொல்வாளா, மாட்டாளா? சொன்னால், அப்போதும் நான்தான். சொல்லாவிட்டால், அவள் ஊருக்குப் போவாள், நான் தினமும் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பயம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. அந்த பாட்டில்தான் ஒரு பக்கத்தைச் சாய்த்தது.

"அது நான் போட்ட ஒட்டு சார்" என்றேன்.

"என்ன ஒட்டு?"

"பிளான்ல. ஜன்னலை மாடல்ல மாத்தல. மேல மறைச்சு வரைஞ்சிட்டேன். அவங்க அன்னிக்கு ஊர்ல இருந்தாங்க. ரெண்டு ஷீட்டும் நான் எடுத்ததுதான்."

சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் இருந்தால் என்னை நீங்க என்பார். இல்லாவிட்டால் நீ. அன்று இரண்டு வெளியாள் இருக்கும்போதே, "காட்டு" என்றார்.

ஐந்து பேரும் என் சிஸ்டத்துக்கு வந்து நின்றோம். பிளானைத் திறந்தேன். முதல் படுக்கையறை. நான்கடி ஜன்னல். வெள்ளைப் பட்டையின் ஓரத்தைத் தேடிப் பிடிக்க எனக்கே நாலைந்து முறை ஆனது. பிடித்து, டெலீட் அடித்தேன். பட்டை போனது. அடியில் பழைய ஐந்தடி ஜன்னல் அப்படியே இருந்தது. மேலே நான் வரைந்த நான்கடியும் இருந்தது. ஒன்றின்மேல் ஒன்று, இரண்டும்.

ஆசாரிதான் முதலில் பேசினார்.

"அட அண்ணாத்தே. சொவத்துல விரிசல் வந்தா மேல காலண்டர் மாட்டுவாங்க. அந்த மாரி பண்ணிக்கீறியா?"

கஸ்டமர் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு அவருக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. மறுபடி மேசைக்கு வந்து ஷீட்டின் மூலையைப் பார்த்தார். "சரிபார்த்தவர்னு ஒரு இடம் இருக்கே. அது யார் இனிஷியல்?"

சாருக்கு இருமல் வந்தது. அது அவருடைய இனிஷியல். அதுவும் மாதிரியிலேயே இருந்ததுதான். அவரும் எந்த ஷீட்டையும் பார்த்ததில்லை.

பேச்சு பிறகு பணத்துக்கு வந்தது. ஆசாரி சொன்னார், "பெர்சா இருந்து சின்னதாக்கறது பரவால்ல. சின்னதா இருந்தாதான் அடுப்புக்குப் போவும். சட்டத்தை அறுத்துக்கலாம். கதவு மட்டும் புச்சா போடணும், கண்ணாடி புச்சு, கிரில்லு புச்சு, கூலி. இருபத்தேழு." ஆயிரத்தை அவர் சொல்லவில்லை. கஸ்டமர் ஒரு ரூபாய்கூடத் தரமுடியாது என்றார். அது நியாயம்தான். பாதி ஆபீஸ், பாதி நீ என்றார் சார் என்னிடம். சரிபார்த்தவர் கட்டம் மட்டும் இல்லாவிட்டால் முழுவதும் என் தலையில்தான் விழுந்திருக்கும்.

கீழே டீக்கடையில் ஆசாரி என்னை நிறுத்தி ஒரு டீ வாங்கிக்கொடுத்தார். "ஏன் சொன்ன? அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லிருக்காது. நான் மூஞ்சியப் பாத்தேன்ல."

"அதான் சொன்னேன்."

"நீ ஒரு மாரியான ஆளு அண்ணாத்தே" என்றார். பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. காசு அவரே கொடுத்தார். வேலை முடிந்து பில் போடும்போது அந்த டீயையும் சேர்த்துக்கொள்வாரோ என்று எனக்கு ஒரு வாரம் சந்தேகமாக இருந்தது.

மாடிக்குத் திரும்பி வந்தபோது அவள் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து என்னை உட்காரச் சொன்னாள். குரல் வேறாக இருந்தது. "மாத்துங்க" என்றாள்.

"இப்பவா?"

"இப்பவே. நான் தொடமாட்டேன்."

டைப்பைத் தேர்ந்தேன். காப்பி எடுத்தேன். பெயர் கேட்டது. "என்ன பேர் வைக்கட்டும்?" என்றேன்.

"உங்க இஷ்டம். நாலடினு வைங்க. அது ஒண்ணும் பிள்ளைக்குப் பேர் வைக்கிறது இல்லண்ணே."

நாலடி என்று வைத்தேன். அளவை மாற்றினேன். மூன்று ஜன்னலைத் தொட்டு அந்த டைப்பைக் கொடுத்தேன். ஹால் ஜன்னல் நான்கும் அசையவில்லை. எலிவேஷனைத் திறந்து ஒட்டையெல்லாம் உரித்தோம். மாறியிருந்தது. அட்டவணையைத் திறந்தோம். அங்கே ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது. நான்கடி, மூன்று. மேலே ஐந்தடி, நான்கு. நான் எதையும் டைப் அடிக்கவில்லை. மொத்தம் நாலு நிமிடம் ஆகியிருக்கும். நான் அந்த வியாழக்கிழமை ஒட்டு போட இரண்டு மணி நேரம் எடுத்திருந்தேன்.

"ஒரு போன் பண்ணிருந்தா நான் சொல்லிருப்பேன்ல?" என்றாள். அப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. "வளைகாப்புல நான் என்ன செஞ்சேன்னு நினைக்கிறீங்க? வளையல் எண்ணிக்கிட்டு சும்மாதான் உக்காந்திருந்தேன்."

பாட்டிலைப் பற்றிக் கேட்டேன். அன்று இல்லை, ஒரு மாதம் கழித்து. தெரிந்துதான் வைத்தாயா என்று. "எந்த பாட்டில்ண்ணே? தண்ணி குடிச்சேன், வச்சேன்" என்றாள். பொய்யா உண்மையா என்று எனக்கு இன்னும் தெரியாது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் ஆசாரி இல்லை.

திருமுல்லைவாயலில் எங்கள் வீட்டில் சொன்னபோது என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறாள். முழுதும் கேட்டாள். "ஊர்ல அவனவன் டிவி வாங்கி, வண்டி வாங்கி கடன் வெச்சிக்கினு வருவான். நீ ஜன்னல் வாங்கி கடன் வெச்சிக்கினு வந்துகீற. அதுவும் அடுத்தவன் ஊட்டுக்கு" என்றாள். பிறகு தண்ணீரை வடித்துவிட்டு, "நம்ம ஊட்ல ஒரு ஜன்னல் சாத்த மாட்டேங்குது, அதுக்கு வழியக் காணோம்" என்றாள். அதுவும் உண்மைதான். மழை வந்தால் அதற்கு இன்னும் துணி திணித்துத்தான் வைக்கிறோம்.

இன்ஜினியர் பெண்ணுக்கு லெட்டர் கொடுத்தார்கள், இரண்டு வாரம் தாமதமாக. அந்த இரண்டு வாரமும் நான் சாரின் மேசையைக் கடக்கும்போதெல்லாம் அங்கே ஏதாவது கவர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். கொடுத்த அன்று அவள் இனிப்பு எதுவும் கொண்டுவரவில்லை. லெட்டரை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் படம் எடுத்து அனுப்பினாளாம்.

என் கெடுவைப் பற்றிச் சார் அதற்குப் பிறகு பேசவில்லை. புதிதாக ஒரு விதி போட்டார்: ஷீட்டை யார் எடுக்கிறார்களோ அவர்கள் இனிஷியல்தான் கட்டத்தில் இருக்கவேண்டும். சரிபார்த்தவர் என்ற இடத்தை அவர் காலியாக விடச் சொல்லிவிட்டார்.

இப்போது என் எழுத்து அந்தக் கட்டத்தில் வருகிறது. பெருமையாக இருக்கும் என்று நினைப்பீர்கள். எனக்கு அசதியாக இருக்கிறது. முன்பெல்லாம் ஷீட் போய்விட்டால் போய்விட்டது. இப்போது ஒவ்வொன்றும் என் எழுத்தோடு எங்கேயோ ஒரு சைட்டில், சிமென்ட் மூட்டைமேல், யாரோ ஒருவர் கையில் விரிந்து கிடக்கிறது. பிளானைப் பார்த்து, செக்‌ஷனைப் பார்த்து, அட்டவணையை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்து, மறுபடி பிளானுக்கு வருகிறேன். ஒட்டு போடுவதில்லை. மாடலைத் தொடுகிறேன், பயத்தோடுதான் தொடுகிறேன். தொட்டபிறகு பதினான்கு ஷீட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து எது மாறியது என்று பார்க்கிறேன். அவள், "அண்ணே, அது தானா மாறும், நீங்க காவல் இருக்க வேணாம்" என்கிறாள். தானாக மாறும் என்பதுதானே என் கவலை. கண் எரிகிறது. ஆவடி போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் தூங்கிப்போய், திருமுல்லைவாயல் தாண்டித்தான் எழுந்திருக்கிறேன், இரண்டு முறை ஆகிவிட்டது.

நூம்பல் வழியாக ஒருமுறை ஷேர் ஆட்டோவில் போனேன். அந்த வீட்டில் குடிவந்துவிட்டார்கள். மாடியில் படுக்கையறை ஜன்னல் தெரிந்தது, திரை போட்டிருந்தார்கள். நான்கடிதான். கண்ணாலேயே அளந்து பார்த்தேன். ஆட்டோ திரும்புவதற்குள் இன்னொரு தடவையும் அளந்தேன்.

என் பங்கு பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு. மாதம் ஆயிரத்து ஐந்நூறாகச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். நான்கு மாதம் பிடித்தாயிற்று. பாக்கி ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.